கேள்வி – பதில்: முப்பது பேருக்கு ஒரு கணினி

சென்ற இதழில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முன்னோர்களைப் பற்றி எழுதியபோது, சிடிஎஸ்எஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு ஒரு பத்திதான் ஒதுக்க முடிந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளே இந்த இதழின் பக்கங்களை நிரப்பப் போதுமானவை. இயங்குதளப் பாடத்தை நெடுங்காலம் நடத்தியவனுக்கு இதைவிட மகிழ்ச்சியான வேலை கிடையாது.

எங்கள் பாடநூலில் ‘முதல் நேரப் பகிர்வு இயங்குதளம் சிடிஎஸ்எஸ், 1961, எம்ஐடி’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. தேர்வுக்கு அது போதும் என்கிறார்கள். அப்படி என்னதான் செய்தது அது?
– கணினியியல் மாணவி ஒருவர்

அதற்கு முன் நிரல் எழுதுவது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வரியை மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

1950களின் இறுதியில், பெரிய கணினி வைத்திருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் நிரலாளர் கணினியைத் தொடவே மாட்டார். நிரலைத் துளை அட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டி, கணினி மையத்தில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அங்கே பலருடைய கட்டுகளைச் சேர்த்துக் காந்த நாடாவில் ஏற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார்கள். விடை அச்சிட்ட தாள் பல மணி நேரம் கழித்தோ, மறுநாளோ கைக்கு வரும். ஒரு கமா விடுபட்டிருந்தால் தாளில் இருப்பது பிழைச் செய்தி மட்டுமே. அந்த ஓர் அட்டையை மாற்றிவிட்டு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும்.

விலைதான் இதற்குக் காரணம். ஐபிஎம் 7090 கணினியின் விலை ஏறத்தாழ 29 லட்சம் டாலர். வாடகைக்கு எடுத்தால் மாதம் 63,500 டாலர். இயந்திரம் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது, மனிதர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

1959 ஜனவரி 1 தேதியிட்ட ஒரு குறிப்பில் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி இதை மறுத்தார். எம்ஐடிக்கு, அதாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு, வரவிருந்த ஐபிஎம் 709 கணினியைப் பலர் ஒரே நேரத்தில், அவரவர் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பயன்படுத்தும்படி செய்ய வேண்டும் என்று அதில் எழுதினார். நேரப் பகிர்வு என்பது இதுதான். அதைச் செய்துகாட்டியவர் எம்ஐடி கணினி மையத்தின் பெர்னாண்டோ கோர்பட்டோ. மார்ஜரி டாகெட், ராபர்ட் டேலி இருவரும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். 1961 நவம்பரில் 709 கணினியுடன் நான்கு ஃபிளெக்ஸோரைட்டர் தட்டச்சு இயந்திரங்களை இணைத்து முதல் செயல்விளக்கம் நடந்தது. இது நடக்கவே நடக்காது என்றவர்களை நம்பவைப்பதே அதன் நோக்கம். நான்கு பேருக்கும் ஆளுக்கொரு நாடா இயக்கி. ஒருவருடைய முறை முடிந்ததும் அவருடைய நிரலை நினைவகத்திலிருந்து அவருடைய நாடாவுக்கு எழுதிவிட்டு, அடுத்தவருடையதை அவர் நாடாவிலிருந்து உள்ளே கொண்டுவருவார்கள். இவ்வளவு எளிய, இவ்வளவு மெதுவான ஏற்பாடு. ஆனால் அந்த நான்கு பேரும் தட்டச்சு செய்ததற்குக் கணினி அவர்களுக்கே, அங்கேயே பதில் சொன்னது.

உங்கள் பாடநூலின் ‘முதல்’ என்ற சொல்லை மட்டும் சற்று நிதானமாகப் படியுங்கள். பிபிஎன் நிறுவனத்தில் பிடிபி-1 கணினியிலும், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கல்வித் திட்டத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே எண்ணம் உருப்பெற்றது. எந்த வேலைக்கும் பயன்படக்கூடிய, பெரிய கணினியில் ஓடிய, பல ஆண்டுகள் அன்றாடச் சேவை தந்த அமைப்பு என்று பார்த்தால் சிடிஎஸ்எஸ்ஸுக்கே முதலிடம்.

ஒரே ஒரு செயலி, கையளவு நினைவகம். அதை வைத்துக்கொண்டு முப்பது பேருக்கு எப்படிச் சேவை செய்ய முடிந்தது? விரிவாகவே சொல்லுங்கள், பயப்பட மாட்டேன்.
– மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்

விரிவாகவே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சேவைக்கு வந்த சிடிஎஸ்எஸ், ஐபிஎம் 7094 என்ற டிரான்சிஸ்டர் கணினியில் ஓடியது. அதன் ஒரு ‘சொல்’ 36 பிட். நினைவகம் 32,768 சொற்கள். இன்றைய கணக்கில் 144 கிலோபைட். எம்ஐடி, ஐபிஎம்மிடம் கேட்டுச் சில தனி மாற்றங்களைச் செய்துகொண்டது. முதலாவது, இரண்டாவதாக ஒரு 32,768 சொல் நினைவகம். ஒன்றில் எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மேற்பார்வை நிரல் குடியிருக்கும், மற்றொன்றில் பயனர்களின் நிரல்கள் ஓடும். இரண்டாவது, குறித்த நேரம் கழிந்ததும் ஓடிக்கொண்டிருப்பதை இடைமறிக்கும் கடிகாரம். இது இல்லாவிட்டால் முடிவில்லாச் சுழலில் மாட்டிய ஒரு நிரலிடமிருந்து கணினியை மீட்கவே முடியாது. மூன்றாவது, ஒரு நிரல் தன் எல்லையைத் தாண்டி நினைவகத்தைத் தொட முயன்றாலோ, நாடாவையோ வட்டையோ நேரடியாக இயக்க முயன்றாலோ, உடனே கட்டுப்பாட்டை மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்கும் பாதுகாப்பு.

இன்று உங்கள் கைப்பேசியின் செயலியிலும் இந்த மூன்றும் இருக்கின்றன. அன்று இவை தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய பொருள்கள்.

பயனர் நினைவகத்தில் எல்லோருடைய நிரலும் ஒரே நேரத்தில் இருக்க இடமில்லை. காத்திருப்பவர்களின் நிரல்கள் டிரம் என்ற சுழலும் காந்த உருளையிலும் வட்டிலும் இருக்கும். முறை வரும்போது உள்ளே வரும், முடிந்ததும் வெளியே போகும். இந்த இடமாற்றத்தில் ஒரு சிக்கனம் செய்திருந்தார்கள். பெரிய நிரல் ஒன்று உள்ளே இருக்கும்போது சிறியது ஒன்று வந்தால், பெரியது முழுவதையும் வெளியேற்ற மாட்டார்கள். சிறியதற்கு வேண்டிய அளவு மட்டும் வெளியே எழுதப்படும், மிச்சம் அங்கேயே இருக்கும். வெங்காயத் தோல் உரிப்பதுபோல என்பதால் அந்தப் பெயராலேயே அதை அழைத்தார்கள்.

அடுத்து யாருக்கு எவ்வளவு நேரம்? கோர்பட்டோவின் உண்மையான மேதைமை இங்கேதான் தெரிகிறது. பல வரிசைகள் உண்டு. ஒரு நிரல் தன் அளவைப் பொறுத்து ஏதோவொரு வரிசையில் சேரும். சிறியது மேலே, பெரியது கீழே. மேல் வரிசையில் மிகச் சிறிய நேரத் துண்டு கிடைக்கும். அதற்குள் வேலை முடியாவிட்டால் ஒரு வரிசை கீழே இறங்க வேண்டும். அங்கே நேரத் துண்டு இரண்டு மடங்கு. அதிலும் முடியாவிட்டால் இன்னும் ஒரு படி கீழே, நான்கு மடங்கு. மேல் வரிசையில் யாராவது இருக்கும்வரை கீழ் வரிசைக்கு முறை வராது.

இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிரலுக்கு ஆயிரம் துண்டு நேரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தால் ஆயிரம் முறை அதை உள்ளே கொண்டுவந்து வெளியே அனுப்ப வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது முறையில் 1,023 துண்டுகள் கிடைத்துவிடும். ஆயிரம் இடமாற்றங்கள் பத்தாகச் சுருங்கிவிட்டன. இதற்கிடையில் ஒரே ஒரு வரியைத் திருத்த வந்தவருக்கு மேல் வரிசையில் உடனுக்குடன் பதில். யார் குறுகிய வேலைக்காரர், யார் நீண்ட வேலைக்காரர் என்று யாரும் முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. நடத்தையைப் பார்த்து அமைப்பே கண்டுகொள்கிறது. 1962 மே மாதத்தில் கோர்பட்டோ, டாகெட், டேலி மூவரும் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. இன்றைய இயங்குதளப் பாடநூல்களிலும் அதற்கு இடம் உண்டு.

பெயரைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். கம்பாட்டிபிள் டைம்-ஷேரிங் சிஸ்டம், அதாவது பழையதோடு ஒத்துப்போகும் நேரப் பகிர்வு அமைப்பு, என்பது முழுப்பெயர். ஃபோர்ட்ரான் மானிட்டர் சிஸ்டம் என்ற பழைய அட்டைக்கட்டு முறை, ஓர் எழுத்துகூட மாறாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். முனையங்களில், அதாவது கணினியோடு இணைந்த தட்டச்சு இயந்திரங்களில், இருப்பவர்களுக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் அதற்கு. இப்படிச் செய்யாவிட்டால், எம்ஐடியின் மற்ற துறையினர் தங்கள் கணினியைப் பரிசோதனைக்கு விட்டுக்கொடுத்திருக்கவே மாட்டார்கள். புதிதாக ஒன்றைக் கட்டுகிறவர்கள் பழையதை நம்பி இருப்பவர்களின் வேலையைக் கெடுக்காமல் கட்டினார்கள் என்பதை நான் வகுப்பில் தனியாக நிறுத்திச் சொல்வதுண்டு.

அந்த முனையத்தின் முன் உட்கார்ந்தால் என்ன தெரியும்? திரை இருந்ததா?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

திரை இல்லை, தாள்தான். டெலிடைப் இயந்திரமும் ஐபிஎம்மின் தட்டச்சு முனையங்களும் பயன்பட்டன. நீங்கள் அடிப்பதும் கணினி சொல்வதும் ஒரே சுருள் தாளில் மாறி மாறி அச்சாகும்.

7094 கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் இப்போது கிடைக்கிறது; அதில் சிடிஎஸ்எஸ்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நான் அடிக்கடி செய்வது இது. ஒரு கட்டளை கொடுத்தால் முதலில் ‘டபிள்யூ’ என்ற எழுத்தும் அப்போதைய நேரமும் அச்சாகும்: பொறுத்திரு என்று பொருள். வேலை முடிந்ததும் ‘ஆர்’ என்ற எழுத்து, அதன் பக்கத்தில் கூட்டல் குறியுடன் இரண்டு எண்கள். முதல் எண் உங்கள் நிரல் ஓடிய நேரம், இரண்டாவது எண் அதை உள்ளேயும் வெளியேயும் மாற்றியதற்கான நேரம். நீங்கள் கேட்ட வேலைக்கு எவ்வளவு செலவானது, உங்களைச் சுமந்ததற்கு எவ்வளவு செலவானது என்பதை ஒவ்வொரு முறையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைய கணினிகளில் ஒரு வேலை ஏன் தாமதமாகிறது என்று கண்டுபிடிக்கவே தனிக் கருவிகள் வேண்டியிருக்கின்றன.

கோப்புப் பெயர்களும் கட்டளைப் பெயர்களும் ஆறு எழுத்தைத் தாண்டாது. ஓர் எழுத்துக்கு ஆறு பிட், ஒரு சொல்லுக்கு 36 பிட். ஆக ஒரு சொல்லில் ஆறு எழுத்துகள்தான் அடங்கும். ஜெரோம் சால்ட்சர் 1964இல் எழுதிய உரைத்தொகுப்பு நிரலான ‘டைப்செட்’டின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து குறைவதற்கு அதுதான் காரணம்.

ஒவ்வொரு முறையும் நிரலை மாற்றி மாற்றி ஏற்றுவது வெறும் வீண் செலவுதானே? அந்த விலைக்கு வாங்கிய கணினியை இப்படி வீணாக்க எப்படி மனம் வந்தது?
– ஓய்வுபெற்ற கணக்கர்

அன்றும் பலர் இதையே கேட்டார்கள். கணக்கு என்ற அளவில் அவர்கள் சொன்னது சரி. மாற்றி ஏற்றும் நேரத்தில் எந்த விடையும் கிடைக்காது.

ஆனால் மறுபக்கத்தையும் அளந்தவர் ஒருவர் இருக்கிறார். ஆலன் ஷெர் என்ற முனைவர் பட்ட மாணவர், பயனர்கள் முனையத்தின் முன் என்ன செய்கிறார்கள் என்பதைச் சிடிஎஸ்எஸ்ஸிலேயே அளந்தார். கணினி பதில் சொன்ன பிறகு, மனிதர் யோசித்து அடுத்த கட்டளையை அடித்து முடிக்கச் சராசரியாக ஏறத்தாழ 35 நொடி ஆகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நொடிக்கு லட்சக்கணக்கான கட்டளைகளை முடிக்கும் இயந்திரத்துக்கு 35 நொடி என்பது யுகம். பயனர்கள் முப்பது பேர் என்றால், மொத்தத்தில் நொடிக்கு ஒரு வேண்டுகோள்கூட வராது. ஆகவே அந்த இடைவெளியை மற்றவர்களுக்குக் கொடுப்பதில் இழப்பு அதிகமில்லை. 1965இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டில், ஓர் எளிய கணித மாதிரியே மறுமொழி நேரத்தை நன்றாகக் கணித்துவிடுகிறது என்று காட்டினார்.

இதெல்லாம் இயந்திரத்தின் கணக்கு. மாதக்கணக்கில் இழுக்கும் ஒரு நிரலை ஒரே வாரத்தில் முடித்துவிடும் ஆராய்ச்சியாளரின் நேரத்துக்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்? எந்தக் கணக்கேட்டிலும் அதற்கு அன்று ஒரு பத்தி இருக்கவில்லை.

கடவுச்சொல்லை முதலில் கொண்டுவந்தது சிடிஎஸ்எஸ்தான் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அதை முதலில் திருடியது யார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மேலே சொன்ன அதே ஆலன் ஷெர்!

பலருடைய கோப்புகள் ஒரே வட்டில் இருப்பதால் ஒருவருடையதை மற்றவர் பார்க்காமலிருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. ஆளுக்கொரு கடவுச்சொல் என்பதே கோர்பட்டோ குழு கண்ட எளிய தீர்வு. கணினி நேரத்துக்கும் ஆளுக்கொரு ஒதுக்கீடு இருந்தது. ஷெருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. ஒரு கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளை அட்டையில் எழுதிக் கொடுத்தால் மையத்தில் அச்சிட்டு வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொல் கோப்பின் பெயரை அட்டையில் பதித்துப் போட்டார். மறுநாள் போய் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்களின் பெயரில் நுழைந்து ஆய்வைத் தொடர்ந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவரே இதை வெளியில் சொன்னார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1966இல் நடந்தது. ஒருநாள் பிற்பகல், உள்நுழைந்த ஒவ்வொருவரின் தாளிலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் அச்சாகத் தொடங்கின. யாரும் ஊடுருவவில்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள்: ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார், மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். உரைத்தொகுப்பு நிரல், திருத்தும் கோப்புக்கு எப்போதும் ஒரே தற்காலிகப் பெயரைத்தான் வைக்கும். ஓர் அடைவில் (கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி அதை எழுதியிருந்தார்கள். பின்னாளில் நிர்வாகிகளின் வசதிக்காக அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. உரைத்தொகுப்பு நிரலை யாரும் மறுபடி பார்க்கவில்லை. இரண்டு தற்காலிகக் கோப்புகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன.

இதைக் கவனித்த ஒரு பயனர், தன்னையே திரும்பத் திரும்ப நிறைவேற்றச் சொல்லும் ஒரு கட்டளையைக் கொடுத்து இயந்திரத்தையே முடக்கினார். அச்சாவது நின்றது. அதன் பிறகு உட்கார்ந்து எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1990ஆம் ஆண்டுக்காகப் பெற்றபோது, கோர்பட்டோ தன் உரையில் இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னார். இயங்குதளம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இதை ஆராய வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் அந்த இரண்டு முடிவுகளிலும் குற்றமில்லை. அடிப்படையான ஓர் அனுமானத்தை ஒரு பக்கம் மட்டும் மாற்றியதில்தான் விபரீதம் வந்தது. இன்றைய பெரும் மென்பொருள் கோளாறுகளைத் துருவிப் பார்த்தால் இதே அமைப்பை எத்தனையோ முறை காணலாம்.

கடவுச்சொற்களை அப்படியே எழுதி வைக்காமல், திரும்ப அவிழ்க்க முடியாத உருவில் மாற்றி வைக்கும் யோசனை பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ரோஜர் நீடமிடமிருந்து வந்தது.

மின்னஞ்சலும் இதில்தான் பிறந்ததா?
– வாசகர் இருவரின் ஒரே கேள்வி

ஒரே கணினிக்குள் அனுப்பிக்கொள்ளும் அஞ்சல் என்றால், ஆம், மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது. பாட் கிரிஸ்மன், கிளெண்டா ஷ்ரோடர், லூயி பூசான் மூவரும் எழுதிய ஒரு குறிப்பில் யோசனை இருந்தது. 1965இல் டாம் வான் வ்ளெக், நோயல் மோரிஸ் இருவரும் அதற்கு நிரல் எழுதினார்கள். நீங்கள் அனுப்பும் செய்தி, பெறுபவரின் அடைவில் ‘மெயில் பாக்ஸ்’ என்ற கோப்பின் கடைசியில் சேர்ந்துவிடும். அவர் உள்நுழையும்போது அஞ்சல் இருப்பதாகக் கணினி சொல்லும். வெவ்வேறு கணினிகளுக்கு இடையே அனுப்புவது 1971இல் ரே டாம்லின்சன் செய்தது.

தொழில்நுட்பமாக இது அற்பம். ஒரு கோப்பின் கடைசியில் சில வரிகள். ஆனால் கணினியைப் பகிர்ந்துகொண்டவர்கள் அதன் வழியே ஒருவரோடு ஒருவர் பேசவும் தொடங்கியதுதான் சிடிஎஸ்எஸ்ஸின் பெரிய விளைவு என்று நான் நம்புகிறேன். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எடுத்துப் பயன்படுத்தினார், மூன்றாமவர் திருத்தினார். எம்ஐடியில் 1963 ஜூலையில் ராபர்ட் ஃபானோ தலைமையில் தொடங்கிய ‘புராஜெக்ட் மேக்’ ஆராய்ச்சித் திட்டத்துக்கென்றே இரண்டாவது 7094 வாங்கிச் சிடிஎஸ்எஸ்ஸை ஓட்டியபோது, இந்தக் கூட்டு வாழ்க்கை இன்னும் வளர்ந்தது. கணினி மையத்தின் இயந்திரத்தை நீல இயந்திரம் என்றும், திட்டத்தின் இயந்திரத்தைச் சிவப்பு இயந்திரம் என்றும் அழைத்தார்கள்.

எலிசா என்ற உரையாடல் நிரலும் இதில்தான் ஓடியதாமே?
– மொழியியல் ஆய்வாளர்

ஆம். ஜோசப் வைசன்பாம் அதைச் சிடிஎஸ்எஸ்ஸில்தான் எழுதினார். 1966 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. நேரப் பகிர்வு இல்லாமல் அப்படி ஒரு நிரலை எழுதும் எண்ணமே வந்திருக்காது; அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் பதில் வாங்குவதை யார் உரையாடல் என்பார்கள்? தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அதன் மூல நிரலின் அச்சுத்தாள்கள் 2021இல் எம்ஐடி ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. ஆர்வலர்கள் அதைச் சீர்செய்து, 2024 இறுதியில் போலி 7094இல் ஓடும் சிடிஎஸ்எஸ்ஸில் மறுபடி ஓடவைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பேசிக் மொழியும் இந்தக் குழுவின் படைப்புத்தானே?
– பட்டயப் படிப்பு மாணவர்

இல்லை. அது டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் கட்டிய தனி நேரப் பகிர்வு அமைப்பின் மொழி. 1964 மே 1 அதிகாலை 4 மணிக்கு முதன்முதலில் ஓடியது. நேரப் பகிர்வு யோசனையைக் கர்ட்ஸுக்குச் சொன்னவர் அதே மெக்கார்த்திதான்.

மல்டிக்ஸ் தோற்றது, அதிலிருந்து யூனிக்ஸ் பிறந்தது என்று படித்திருக்கிறேன். நடுவில் சிடிஎஸ்எஸ்ஸுக்கு என்ன இடம்?
– மென்பொருள் கட்டமைப்பாளர்

நீங்கள் சொல்லும் வரலாற்றோடு எனக்கு இரண்டு சண்டைகள் உண்டு.

முதலாவது, மல்டிக்ஸ் தோற்றது என்பது. எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து, சிடிஎஸ்எஸ்ஸுக்கு அடுத்ததாகத் திட்டமிட்ட பேரமைப்பு அது. தாமதமானது, பெல் ஆய்வகம் 1969 ஏப்ரலில் விலகியது. அதோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் எம்ஐடி பயனர்களுக்கு மல்டிக்ஸ் திறந்துவிடப்பட்டது. ஹனிவெல் நிறுவனம் அதை வாடிக்கையாளர்களுக்கு விற்றது. 1985இல் அமெரிக்க அரசின் பி2 பாதுகாப்புத் தரச் சான்று பெற்றது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓட்டிவந்த கடைசி மல்டிக்ஸ் 2000 அக்டோபர் 30 அன்றுதான் நிறுத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேவை செய்ததைத் தோல்வி என்று சொல்ல எனக்கு நா எழாது.

இரண்டாவது, யூனிக்ஸின் பரம்பரை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அதற்கு முன்பே சிடிஎஸ்எஸ்ஸில் நிரல் எழுதியவர். க்யூஇடி என்ற உரைத்தொகுப்பு நிரலைச் சிடிஎஸ்எஸ்ஸுக்காக அவர் எழுதியபோது, தேடும் வடிவத்தை 7094 கணினியின் இயந்திரக் கட்டளைகளாகவே மாற்றி ஓட்டும் முறையைச் சேர்த்தார். இன்று எல்லா நிரலாளரும் பயன்படுத்தும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ தேடலின் வேர் அங்கே இருக்கிறது. லூயி பூசான் சிடிஎஸ்எஸ்ஸில் எழுதிய ‘ரன்காம்’, கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி ஓட்டும் வசதி. யூனிக்ஸ் அமைப்புக் கோப்புகளின் பெயர் ‘ஆர்சி’ என்று முடிவது அதன் நினைவாகத்தான். பயனரின் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ‘ஷெல்’ என்ற பெயரும் பூசான் வைத்தது. சால்ட்சரின் ‘ரன்ஆஃப்’ என்ற பக்கவடிவ நிரல்தான் யூனிக்ஸின் ‘ராஃப்’ குடும்பத்துக்கு மூதாதை. யூனிக்ஸ் என்பது சாராம்சத்தில் சிடிஎஸ்எஸ்ஸின் நவீன வடிவமே என்று வாதிடலாம் என, தாம்சனோடு யூனிக்ஸை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே எழுதியிருக்கிறார். அதற்கு மேல் நான் என்ன சாட்சி தேட வேண்டும்?

ஒரு கிளையையும் மறந்துவிடக் கூடாது. மல்டிக்ஸுக்கு ஐபிஎம்மின் இயந்திரத்தை எம்ஐடி தேர்ந்தெடுக்கவில்லை. புதிய சிஸ்டம்/360 வரிசையில் நேரப் பகிர்வுக்கு வேண்டிய முகவரி மாற்ற வசதி இல்லாதது முக்கியக் காரணம். சிடிஎஸ்எஸ்ஸில் வேலை செய்த ராபர்ட் கிரீசி, ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் சேர்ந்து, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினியே கிடைத்தது போன்ற தோற்றத்தைத் தரும் சிபி-40 அமைப்பைக் கட்டினார். இன்றைய மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாம் அந்த வழி வந்தவை. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களில் ஓடும் இசட்/விஎம் அதன் நேர் வாரிசு.

இந்தக் கதையில் பெண்களே இல்லையா?
– ஆய்வு மாணவி

1962ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் மார்ஜரி டாகெட். முதல் செயல்விளக்கத்தின் நிரலில் அவருடைய கை உண்டு. அஞ்சல் குறிப்பில் பெயர் உள்ள கிளெண்டா ஷ்ரோடர், பூசானின் வடிவமைப்பை வைத்து மல்டிக்ஸின் முதல் ஷெல்லை உருவாக்கினார். கோர்பட்டோவின் பெயர் வரும் இடங்களில் எல்லாம் டாகெட்டின் பெயரும் வர வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் ஆய்வேட்டிலாவது எழுதுங்கள்.

சிடிஎஸ்எஸ்ஸை நானும் ஓட்டிப் பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– முதல் கேள்வி கேட்ட அதே மாணவி

முடியும். அசல் 1973 ஜூலை 20 அன்று நிறுத்தப்பட்டது. மூல நிரல் பிழைத்துவிட்டது. 7094 போலி மென்பொருளும் சிடிஎஸ்எஸ் மூலமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினியே போதும்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் திறக்காதீர்கள். முதலில் 1965இல் வெளிவந்த நிரலாளர் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வருடிய படிகள் கிடைக்கின்றன. உள்நுழைந்ததும் ‘லிஸ்ட்எஃப்’ கொடுத்துக் கோப்புகளைப் பாருங்கள். அடுத்து ‘மேட்’ என்ற அக்கால நிரல்மொழியில் பத்து வரிக்குள் ஒரு நிரல் எழுதி ஓட்டுங்கள், வேண்டுமென்றே ஒரு கமாவை விட்டுவிட்டு. பிழைச் செய்தி வரும், திருத்துவீர்கள், மறுபடி ஓட்டுவீர்கள். ‘ஆர்’ வரியில் உள்ள இரண்டு எண்களையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். நிரலைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அவை எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். அதன் பிறகு நேர ஒதுக்கீட்டுப் பகுதியின் மூல நிரலுக்குப் போங்கள். ‘ஃபாப்’ என்ற அசெம்பிளி மொழியில் இருக்கிறது. முதல் நாள் ஒன்றும் புரியாது. 7094இன் கட்டளைப் பட்டியலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனால், நேரத் துண்டை இரட்டிக்கும் இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எந்த வரி என்று நான் சொல்லப் போவதில்லை. கண்டுபிடித்ததும் எனக்கு எழுதுங்கள்.